படியில் தொங்கிய எருமைத் தொடை

புலோ திரிங்
12 பிப்ரவரி 1984

மானேயின் அப்பாவுக்கு ஸவுதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் மானேயும் அம்மாவும் ஆண்டவன் கிருபையால் நலம். மேடானில் உங்கள் உடம்பும் துணிக்கடையும் நலம்தானா? இருமல் விட்டதா? போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. இதற்குள் விட்டிருக்க வேண்டும்.

டிசம்பர் மழையில் நம் பாலத்தின் நடுப்பகுதி ஆற்றோடு போய்விட்டது. பஸ் இப்போது அக்கரையிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு தென்னை மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், அதன் மேல்தான் நெல் மூட்டையும் போகிறது, பிரசவ வலி வந்தவளும் போகிறாள். ஊர்த்தலைவர் இதற்காக மூன்று தடவை சிக்லி அரசாங்க ஆபீசுக்குப் போய்வந்தார். மூன்று தடவையும் காப்பி கொடுத்து நன்றாக உபசரித்தார்களாம். பாலம் பற்றிக் கேட்டால் அந்தக் காப்பியைப் பற்றிச் சொல்கிறார்.

நம் வீட்டுப் பின்கட்டுக் கூரை அடுப்புக்கு நேர் மேலே ஒழுகுகிறது. ரும்பியா ஓலை மக்கி, தொட்டால் மாவாக உதிர்கிறது. மழை வந்தால் மானேயின் பாயை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு அலைகிறேன். கூரை மாற்றுவது வீட்டு மாப்பிள்ளையின் வேலை என்று உங்களுக்குத் தெரியும். சித்தி மகள் ஹிந்துனின் புருஷன் பக்தியார், பள்ளிக்கூட வாத்தியார், நான் ஏறுகிறேன் என்கிறார். அவர் ஏறினால் ஹிந்துன் அதை நான் சாகும் வரை சொல்லிக் காட்டுவாள். அதனால் நனைகிறோம்.

இனி முக்கியமான செய்தி. நோன்புக்கு முந்திய நாள் மெகாங் வருகிறது, மாப்பிள்ளைகள் இறைச்சி கொண்டுவந்து மாமியார் வீட்டுப் படியில் மாட்டுகிற நாள். போன வருடம் நோன்புக்கு முந்திய மெகாங், பெருநாளுக்கு முந்திய மெகாங், ஹஜ்ஜுக்கு முந்திய மெகாங், மூன்றுக்கும் நம் படியின் ஆணியில் இறைச்சி இல்லை. பக்தியார் சைக்கிள் கைப்பிடியில் இறைச்சியை மாட்டிக்கொண்டு, ஓலையில் சுற்றாமல், நம் வீட்டைத் தாண்டி ஒரு தடவை போய்விட்டுத் திரும்பித்தான் சித்தி வீட்டுப் படி ஏறினார். அன்று நாங்கள் கருவாட்டுக் குழம்பு வைத்தோம். அம்மா சாப்பிடவில்லை.

அம்மா இப்போது விரல் மடக்க ஆரம்பித்திருக்கிறாள். "கல்யாணத்தன்னிக்கு காதி முன்னாடி அவன் வாயாலதானே சொன்னான்? ரெண்டு வருஷம் பொண்டாட்டியை அப்படியே விட்டுட்டுப் போனா, அவ வந்து கேட்டா விடுதலைன்னு. ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சு மூணாம் நாள் போனான். வர்ற ஹஜ்ஜோட ரெண்டு முடியுது. எனக்குப் படிப்புதான் வராது, கணக்கு வரும்" என்கிறாள்.

அவள் சொன்னால் செய்வாள். அதனால் இந்த மெகாங்குக்கு வந்துவிடுங்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்,
ஸவுதா


மேடான்
9 மார்ச் 1984

அன்புள்ள ஸவுதாவுக்கு ஷமவுன் எழுதுவது. வ அலைக்கும் ஸலாம்.

நான் நலம். இருமல் எப்போதோ போய்விட்டது. நீயும் மானேயும் மாமியும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். மானே என்ன உயரம் இருக்கிறாள்?

கடையில் ஓயாத வேலை. நோன்பு நெருங்கினால் மேடானே புதுத்துணிக்குக் கிளம்பிவிடும். முதலாளி எனக்கு லீவு என்ற சொல்லையே மறக்கடித்துவிட்டார். ஆனாலும் மாமியிடம் சொல், இந்த மெகாங்குக்கு உன் மருமகன் எருமைத் தொடையோடு படி ஏறுவான் என்று. அரைக்கிலோ, ஒரு கிலோ எல்லாம் வாத்தியார்கள் வாங்குவது. பக்தியார் சைக்கிளை எங்கே வைப்பார் என்று பார்ப்போம். கூரையையும் நானே மாற்றுகிறேன். யாரையும் ஏறவிடாதே.

ஒரு விஷயம். இனிக் கடை முகவரிக்கு எழுதாதே. அங்கே கடிதங்கள் தொலைந்து போகின்றன. கீழே காவோய் மாமாவின் காப்பிக்கடை முகவரி எழுதியிருக்கிறேன். அதற்கு அனுப்பு.

எல்லோருக்கும் என் ஸலாம்.

ஷமவுன்


புலோ திரிங்
2 ஏப்ரல் 1984

மானேயின் அப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பத்து வருடமாகத் தொலையாத கடிதம் கடையில் இப்போது ஏன் தொலைகிறது? காப்பிக்கடைக்கு எழுதினால் அதை யார் பிரிக்கிறார்கள், யார் சத்தம் போட்டுப் படிக்கிறார்கள்? படிக்கட்டும். காவோய் மாமா, படிப்பது நீங்களாக இருந்தால், இவரை ஊருக்கு அனுப்பி வையுங்கள்.

மானேயின் தலை என் இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. உயரத்தைக் கடிதத்தில் கேட்கிறவருக்கு இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

எருமைத் தொடை என்று எழுதியதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் போய்க் கிணற்றடியில் சொல்லிவிட்டாள். ஹிந்துன் வந்து, "அக்கா, தொடையைக் கட்டித் தொங்கவிட இந்த ஆணி தாங்குமா? வேற அடிச்சு வச்சுக்கோ" என்று கேட்டுவிட்டுப் போனாள். கேலியா அக்கறையா என்று அவள் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

எனக்குத் தொடை வேண்டாம். நீங்கள் படி ஏறினால் போதும் என்று எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். எழுதினாலும் நீங்கள் கேட்கமாட்டீர்கள். ஊரில் எந்த ஆம்பிளையும் மெகாங் அன்று வெறுங்கையோடு மாமியார் வீட்டுக்கு வந்ததில்லை. வர முடியாதவர்கள் வராமலே இருந்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், கையில் ஏதாவது இருக்கிறதா? இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். வேறு வழி பார்க்கலாம்.

ஓலை தைக்க ஆரம்பித்துவிட்டேன். தைப்பதைப் பெண்பிள்ளை செய்யலாம்.

வஸ்ஸலாம்,
ஸவுதா


மேடான்
20 மே 1984

ஸவுதாவுக்கு, ஸலாம்.

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். முதலாளிக்கு உடம்பு சரியில்லை. கடையை விட்டு அசைய முடியவில்லை. நோன்பு மெகாங்குக்கு வர இயலாது. பெருநாளுக்குப் பார்ப்போம். மாமியிடம் பக்குவமாகச் சொல்.

ஷமவுன்


புலோ திரிங்
6 ஜூன் 1984

மானேயின் அப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு நல்லபடியாக ஆரம்பித்தது. எல்லோரும் சுகம். முதலாளிக்கு உடம்பு தேவலையா? உங்களுக்கு எப்படி?

மெகாங்கைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். எல்லாம் நன்றாக நடந்தது. நம் வீட்டிலும் இறைச்சி வெந்தது. காடி விட்டு அவித்து, பாதியை வற்றவைத்து எடுத்துவைத்திருக்கிறேன். நோன்பு திறக்கும்போது மானேக்கு ஒரு துண்டு கொடுக்கிறேன். அன்று அவள் கையைக் கழுவமாட்டேன் என்று அடம் பிடித்து, ஒவ்வொரு வீடாகப் போய் எல்லோரையும் மோந்து பார்க்கச் சொன்னாள்.

அம்மா வாயைத் திறக்கவில்லை. ஹிந்துன் கிண்ணம் கொண்டுவந்து ருசி பார்த்துவிட்டுப் போனாள். அதனால் நீங்கள் தைரியமாக வரலாம். வழி சுத்தமாக இருக்கிறது. பெருநாள் மெகாங்குக்கு வந்தாலும் சரி, பெருநாள் அன்று வந்தாலும் சரி.

வாத்துகள் இல்லாததால் தூண்களுக்கு நடுவே கீழ்வீடு அமைதியாக இருக்கிறது. முட்டைதான் இல்லை.

வஸ்ஸலாம்,
ஸவுதா


மேடான்
25 ஜூன் 1984

ஸவுதாவுக்கு,

ஸலாம் சொல்லாமல் எழுதக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

நேற்று நோன்பு திறக்கிற நேரம். காப்பிக்கடையில் நம் ஊர்க்காரர்கள் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஊரிலிருந்து பாக்கு மூட்டையோடு வந்த ரம்லி உள்ளே நுழைந்ததும் என் முதுகில் ஓங்கி ஒரு அடி.

"அடேய் ஷமவுனு! கல்லுளிமங்கன்டா நீ! இங்க உக்காந்துக்கிட்டு ஒண்ணும் இல்லாதவன் மாதிரி மூஞ்சிய வச்சிருக்க. உன் மாமியா வீட்டுப் படியில தொங்குச்சே ஒரு எருமைத் தொடை, எங்க வீட்டுக்காரி அதைப் பாத்துட்டு வந்து நாலு நாள் என்கிட்ட பேசல!"

எல்லோரும் சிரித்தார்கள். காவோய் மாமா எனக்கு ஒரு காப்பி சும்மா கொடுத்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? நான் ஒரு எலும்புத்துண்டு கூட அனுப்பவில்லை என்று அந்தக் கூட்டத்தில் எழுந்து சொல்வதா?

யார் அனுப்பினது? பக்தியாரா? அவன் அரைக்கிலோவுக்கு மேல் வாங்கினால் மயங்கி விழுவான். அப்படியானால் கசாப்புக்கடை நூர்தீனா? என்னைக் கட்டுவதற்கு முன் உன்னைப் பெண் கேட்டு வந்தவன், அவன் கடையில் எருமைத் தொடைக்குப் பஞ்சமில்லை. உன் கடிதத்தில் 'இறைச்சி வெந்தது' என்று இருக்கிறது. அதுவாகவே நடந்து வந்து சட்டிக்குள் விழுந்ததா?

அந்தப் படியில் தொங்குவது என் இறைச்சியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆணி காலியாக இருக்க வேண்டும். வேறொருவன் இறைச்சி வெந்த வீட்டில் ஏற எனக்குப் படி இல்லை. பெருநாளுக்கு நான் வரவில்லை.

மானேக்கு என் முத்தம்.

ஷமவுன்


புலோ திரிங்
7 ஜூலை 1984

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. மானே நலம்.

யார் அனுப்பினது என்று கேட்டீர்கள். பதினான்கு வாத்துகள் அனுப்பின. குஞ்சிலிருந்து தவிடு பிசைந்து வளர்த்து, வயல் வயலாக மேய்த்து ஓட்டிவந்த என் வாத்துகள். மெகாங்குக்கு முந்திய சந்தையில் பதினான்கையும் விற்றேன். அதில் முடம் ஒன்று, மானே பேர் வைத்தது. அதையும் விற்றேன். நூர்தீனிடம்தான் வாங்கினேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் எருமை அறுப்பவன் அவன் ஒருவன். "ஷமவுன் கொடுத்துவச்சவன்" என்று அவன் சொன்னான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அவனுக்கு மூன்று பிள்ளை.

வாங்கி, தலைத்துணிக்குள் மூடி, வயல் வரப்பில் சுற்றி, பாலத்துக்கு வந்து, பஸ் வரும் வரை காத்திருந்து, மேடானிலிருந்து வந்த ஆள் கையில் நீங்கள் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அது. உங்கள் மானம் போகக் கூடாது, நீங்கள் வெட்கப்படாமல் படி ஏற வேண்டும் என்று சொன்னது. அதற்கு நீங்கள் எனக்குக் கொடுத்த பெயர் என்ன?

பெருநாள் மெகாங்குக்கு விற்க ஒன்றும் மிச்சமில்லை. ஆணி காலி. நீங்கள் வருவீர்கள் என்று மானே பாலத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். உங்கள் கடிதம் அதற்கு மூன்றாம் நாள் வந்தது.

ஸவுதா


புலோ திரிங்
4 ஆகஸ்ட் 1984

மானேயின் அப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று நினைத்துப் பயந்தேன். ரம்லி ஊருக்கு வந்தான். "நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு, மேலே ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். அவன் அப்படி எழுந்து போகிற ஆள் இல்லை.

அம்மா காதியிடம் நாள் கேட்டு வந்துவிட்டாள். செப்டம்பர் இருபது, வியாழக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் நீங்கள் ஊருக்குள் வரவில்லை என்றால் அன்று நான் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் முடிந்தது.

நான் சொல்ல வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்களா? ஆமாம் என்றாவது எழுதுங்கள்.

ஸவுதா


மேடான்
17 ஆகஸ்ட் 1984

அன்புள்ள ஸவுதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மத்துல்லாஹ்.

நீயும் மானேயும் மாமியும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

நான் துணிக்கடையில் இல்லை. போன வருடம் மழைக்காலத்தில் முதலாளி தன் மச்சினனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். பத்து வருடம் அவர் கடைக் கதவைத் திறந்தவன் நான், ஒரே காலையில் "வேற இடம் பாத்துக்கப்பா" என்றார். வேறு இடம் கிடைக்கவில்லை. ரிக்‌ஷா மிதிக்கிறேன். காவோய் மாமாவின் கடைக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் படுக்கிறேன். ரம்லி ஒரு நாள் கைகாட்டி நிறுத்தி ஏறப் பார்த்தான். பிறகுதான் மிதிப்பவன் முகத்தைப் பார்த்தான். அவன் ஏறவில்லை, நடந்தே போய்விட்டான்.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று சொல்கிறேன். நூர்தீன் கொடுத்ததாகவே இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. கோபப்படவாவது செய்திருப்பேன். வீடு உன்னுடையது. நம் ஊரில் மனைவியை வீட்டுக்காரி என்பது வெறும் பேச்சுக்கு இல்லை. கிணறும் உன்னுடையது, வயலும் உன்னுடையது. நான் கொண்டுவர வேண்டியது வருடத்துக்கு மூன்று தடவை இறைச்சி. அந்த ஒன்றையும் வாத்து விற்று நீயே செய்துகொள்ள முடியும் என்றால், அந்த வீட்டில் நான் எதற்கு? பதினான்கு வாத்துதான் என் விலை என்று ஆகிவிட்டது.

உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. மன்னித்துக்கொள். ஆனால் வர மாட்டேன். நீ காதியிடம் சொல்லிவிடு.

மானேயை நன்றாகப் பார்த்துக்கொள். அந்த முடவாத்துக்கு என்ன பேர் வைத்திருந்தாள்?

ஷமவுன்


புலோ திரிங்
27 ஆகஸ்ட் 1984

மானேயின் அப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம். நீங்கள் விறகுக்குள் படுத்தும் நலமாக இருக்க வேண்டும். இப்போது தெரிகிறது இருமல் ஏன் என்று.

படித்துவிட்டு முதலில் அழுதேன். பிறகு அடுப்பூதும் குழலை எடுத்துச் சுவரில் அடித்தேன். ரிக்‌ஷா மிதித்தால் என்ன? ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? ஏப்ரலில் கெஞ்சிக் கேட்டேனே! எழுதியிருந்தால் என் வாத்துகள் இப்போது முட்டையிட்டுக்கொண்டிருக்கும்.

நீங்கள் எதற்கு என்று கேட்டீர்கள். வாத்து விற்றால் இறைச்சி வரும். வாத்து விற்றால் கூரை மேல் ஆள் ஏறுமா? மானேக்குப் பேன் பார்க்கிற ஆள் நான் இருக்கிறேன், அவளைத் தோளில் தூக்கி ஆற்றில் இறங்குகிற ஆள் யார்? பொழுது சாய்ந்தால் நான் யாரோடு சண்டை போடுவது? அம்மாவோடு போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. ரிக்‌ஷா மிதிக்கிற கால் ஏணி ஏறாதா?

இன்னொன்றும் கேளுங்கள். உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், வாத்து, பொய், எல்லாம். அவள் பாக்கு வெட்டுவதை நிறுத்தவே இல்லை. "அன்னிக்கே தெரியும்டி. மேடான்லேருந்து ஒரு ராத்திரி முழுக்க பஸ்ல வந்த கறி, என் கையில துடிச்சுது. அறுத்து அரை நாள் ஆகாத கறி. நான் எத்தனை மெகாங் பாத்தவ" என்றாள். பிறகு ஏன் பேசாமல் இருந்தாய் என்றேன். "அவனுக்காக நீ பொய் சொல்ற அளவுக்கு இருக்கேன்னு தெரிஞ்சுது. அதுல போய் நான் என்னத்தப் பேச? ஆனா கணக்கு கணக்குதான். ஹஜ்ஜுக்கு வரலேன்னா காதிதான்" என்று சொல்லிவிட்டாள்.

அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். செப்டம்பர் ஐந்து, புதன்கிழமை, மெகாங். காலை பஸ்ஸில் வந்து அக்கரையில் இறங்குங்கள். நான் இக்கரையில் பாலத்து முனையில் நிற்பேன். இந்த வருடப் பாக்கு முழுவதையும் கொடுத்து நூர்தீனிடம் முன் தொடை சொல்லிவைத்திருக்கிறேன், முழுசாக. வெறுங்கையோடு தென்னை மரத்தில் நடந்து வாருங்கள். என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து நம் வீடு வரைக்கும் ஊரே பார்க்க நீங்கள் முன்னால் நடங்கள், நான் பின்னால் வருகிறேன். ஒருவருக்கும் தெரியாது.

வாத்தின் பெயர் கெசிக். நாம் கெசிக் என்று கூப்பிடுகிற ஊர்த்தலைவர் மாதிரியே நடக்கிறது என்று வைத்தாளாம்.

வந்துவிடுங்கள்.

ஸவுதா


சிக்லி பஸ் நிலையம்
5 செப்டம்பர் 1984

ஸவுதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வந்தேன்.

விடிந்ததும் சிக்லியில் இறங்கினேன். வெறுங்கையோடு வா என்று நீ எழுதியிருந்தாய், மனசு கேட்கவில்லை. சாலையோரம் மெகாங் கடைகள் போட்டிருந்தார்கள். ஐந்து வாரம் மிதித்துச் சேர்த்ததில் பஸ்ஸுக்குப் போக மிச்சம் இருந்ததற்கு இறைச்சி கேட்டேன். கடைக்காரன் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, தேக்கிலையில் சுற்றிக் கொடுத்தான். நல்ல சதை, கொழுப்பு இல்லாதது. அதை மடியில் வைத்துக்கொண்டு நம் ஊர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது. இதை உன் கையில் கொடுக்கலாம், தொடையோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளட்டும், இது மட்டுமாவது என்னுடையது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அக்கரையில் இறங்கினேன். நீ நின்றுகொண்டிருந்தாய். பச்சைத் தலைத்துணி. பக்கத்தில் மானே, நிஜமாகவே வளர்ந்துவிட்டாள். உன் இரண்டு கையிலும் அந்தத் தொடை, குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு, பாரம் தாங்காமல் பின்னால் சாய்ந்து நின்றாய். அதைப் பார்த்துவிட்டு என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தேன்.

பஸ்ஸின் மறைவிலேயே நின்றேன். நீ ஆற்றின் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். பஸ்ஸைத் திருப்பும்போது அதிலேயே ஏறிவிட்டேன். இறைச்சியை இங்கே டீக்கடைக்காரன் மனைவியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை "எனக்கா?" என்று கேட்டாள்.

இருபதாம் தேதி வியாழக்கிழமை நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடு. உன் மேல் ஒரு குறையும் இல்லை.

ஷமவுன்


புலோ திரிங்
21 செப்டம்பர் 1984

மானேயின் அப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் நலம்.

அன்று நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும் வரை நின்றேன். ஈ மொய்த்தது. நூர்தீன் கடையைக் கட்டிக்கொண்டு போகும்போது, ஒன்றும் கேட்காமல், ஈ ஓட்ட ஒரு ஓலையைக் கொடுத்துவிட்டுப் போனான். பிறகு தொடையைத் தலையில் தூக்கிவைத்து, எதையும் போட்டு மூடாமல், வரப்பில் சுற்றாமல், நடுத்தெரு வழியாக நடந்தேன். பக்தியார் சைக்கிளிலிருந்து இறங்கி, "யார் குடுத்தனுப்பினது அக்கா?" என்றார். "நான் வாங்கினது" என்றேன். படியில் நானே மாட்டினேன். ஆணி தாங்கியது.

உங்கள் சிக்லிக் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. படித்ததும் கையில் கிடைத்ததைக் கொண்டு உங்களை அடிக்க வேண்டும் போல இருந்தது. இருபதடி! இருபதடித் தென்னை மரம்! அதைத் தினமும் மானே ஓடிக் கடக்கிறாள்.

நேற்று வியாழக்கிழமை. அம்மாவும் நானும் காதியிடம் போனோம். கடிதத்தை ஏன் மடியில் வைத்துக்கொண்டு போனேன் என்று எனக்கே தெரியாது. காதி, "ரெண்டு வருஷமா அவன் ஊருக்குள்ள வரவே இல்லையாம்மா?" என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "வரலைங்க" என்றாள். "நீங்க இல்லம்மா, அவதான் சொல்லணும்" என்றார்.

வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வந்தாருங்க. பாலம் வரைக்கும் வந்தாரு."

"பாலம் வரைக்கும்னா?"

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் துடைத்தார். காதி அம்மாவைப் பார்த்து, "உங்க ஊரு எல்லை ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார். இந்தப் பக்கம் என்று அம்மா சொல்லியிருந்தால் நேற்றே எல்லாம் முடிந்திருக்கும். அம்மா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "எல்லைக்கல்லு அக்கரையிலதான் இருக்கு. பஸ்ஸு நிக்கிற எடத்துக்கும் அந்தாண்ட" என்றாள்.

"அப்ப ஊருக்குள்ள வந்துட்டான். கணக்கு அன்னியிலேருந்து புதுசா ஆரம்பிக்குது. ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க" என்று காகிதத்தை மூடிவிட்டார்.

நான் ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். நேற்றிலிருந்து எனக்கே என் மேல் ஆத்திரமாக இருக்கிறது. புருஷன் இல்லாதவளாகவும் இல்லை, இருப்பவளாகவும் இல்லை, இன்னும் இரண்டு வருடம். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா பாலத்தில் தென்னை மரத்து நடுவில் நின்று, திரும்பாமலே, "உள்ளங்கை அகலக் கறி மூணு பேருக்குத் தாராளமா போதுமேடி" என்றாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

அந்தத் தொடையை இரண்டு நாளில் ஊருக்கே பங்கு வைத்துவிட்டோம். நான் ஒரு துண்டு கூடத் தின்னவில்லை. நீங்கள் டீக்கடைக்காரிக்குக் கொடுத்தீர்களே, அதைத்தான் தின்ன ஆசையாக இருந்தது.

அடுத்த நோன்பு மே மாதம் வருகிறது. இனி நான் பாலத்துக்கு வரமாட்டேன். வாத்தும் விற்கமாட்டேன், பாக்கும் விற்கமாட்டேன், ஒரு எலும்பு கூட வாங்கமாட்டேன். ஆணி காலியாகத்தான் இருக்கும். அதில் மாட்ட உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு போதும். ஓலையெல்லாம் தைத்து முடித்துக் கீழ்வீட்டில் அடுக்கியிருக்கிறேன், முந்நூறுக்கு மேல் இருக்கும். மழை மே மாதம் வரை காத்திருக்காது. நேற்றே ஆரம்பித்துவிட்டது. பக்தியாரை நான் ஏறவிடவில்லை. நனைந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

விறகுக்குப் பக்கத்தில் படுக்காதீர்கள், இருமல் திரும்ப வரும்.

வஸ்ஸலாம்,
ஸவுதா